சேர்த்துக்கொண்டால் மட்டும் போதுமா?

அமெரிக்கக் கல்லூரிகளின் ‘சொராரிட்டி’ சங்கங்களில் மாணவியரை அரவணைக்கும் பொறுப்பு, சம்பளம் வாங்காத மூத்த பெண்களின் கையில் இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு யார் சொல்லித்தருவது?

2020 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் துணை அதிபர் வேட்பாளராகப் பேசிய கமலா ஹாரிஸ், தன் குடும்பம் யார் யார் என்று சொல்லிக்கொண்டே வந்தபோது ‘சித்தி’களையும் குறிப்பிட்டது தமிழ்நாட்டில் பெரிய செய்தியானது. அதே பேச்சில், அதே குடும்பப் பட்டியலில், இன்னொரு பெயரும் இருந்தது: ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது 1986-இல் அவர் சேர்ந்த மாணவியர் சங்கம் அது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 21 அன்று ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகிய மூன்றாம் நாள், ஹாரிஸ் இண்டியானாபொலிஸ் நகரில் ஆயிரக்கணக்கான பெண்கள் முன் நின்றார். அது ஜீட்டா ஃபை பீட்டா என்ற இன்னொரு கறுப்பின மாணவியர் சங்கத்தின் தேசிய மாநாடு. கல்லூரி முடித்துப் பல பத்தாண்டுகள் ஆன பெண்களும் அந்த அரங்கில் இருந்தார்கள்.

படிப்பு முடிந்து வேலை, கல்யாணம், பேரன் பேத்தி என்று வாழ்க்கை எங்கெங்கோ போன பிறகும் அறுபடாத இந்த உறவு எப்படி உண்டாகிறது? சேர்ந்த எல்லாப் பெண்களுக்கும் உண்டாகிறதா? இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்பதே நேர்மையான பதில். அந்த ‘இல்லை’யைக் குறைக்கும் வேலை சங்கத்தின் தன்னார்வலர்களுடையது. அவர்களைப் பற்றி வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

சொராரிட்டி என்பது கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொண்ட மாணவியர் சங்கம். ஆண்களுக்கு இருப்பது ஃபிரட்டர்னிட்டி. தேசிய அளவில் ஒரு தலைமையகம், கல்லூரிதோறும் ஒரு கிளை. கிளையை அவர்கள் சாப்டர் என்பார்கள். வசதியான கிளைகளுக்குத் தூண்கள் வைத்த சொந்த மாளிகையே உண்டு. பல தென்மாநிலக் கல்லூரிகளில் ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் சமயத்தில் ‘ரஷ்’ எனப்படும் ஆள்சேர்ப்பு வாரம் நடக்கும். புதிதாக வந்த மாணவி ஒவ்வொரு சங்கத்தின் வீடாக ஏறி இறங்கிப் பேசுவாள். இரு தரப்பும் தங்கள் விருப்ப வரிசையை எழுதித் தரும். கடைசி நாளில் ‘பிட்’ என்ற அழைப்பு உறை அவள் கைக்கு வரும். உறையைப் பிரித்ததும் கூவிக்கொண்டு புது வீட்டை நோக்கி ஓடும் பெண்களைத்தான் 2021-லிருந்து டிக்டாக்கில் உலகம் பார்த்து வருகிறது. அலபாமா பல்கலைக்கழகத்தின் ரஷ் வாரத்தை வைத்து 2023-இல் ஓர் ஆவணப்படமே வந்தது.

அந்த ஓட்டத்தோடு கேமரா நின்றுவிடும். அதே பெண் அக்டோபரில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்பதை யாரும் படம் எடுப்பதில்லை.

வெள்ளிக் கூடையில் தொடங்கிய கதை

இந்தச் சங்கங்களை உண்டாக்கியவர்கள் இடம் மறுக்கப்பட்ட பெண்கள். இண்டியானா மாநிலத்தின் கிரீன்காசில் ஊரில், இன்று டிபா பல்கலைக்கழகம் எனப்படும் கல்லூரி 1867-இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. வகுப்பறையில் நாற்காலி கிடைத்தது. மற்ற எங்கும் அவர்களுக்கு இடமில்லை. அங்கே படித்த பெட்டி லாக் என்ற மாணவியிடம் ஓர் ஆண்கள் சங்கம் தங்கள் பேட்ஜைக் குத்திக்கொள்ளச் சொன்னது. முழு உறுப்பினராகவா என்று அவர் கேட்டார். அப்படியில்லை, சங்கத்தின் செல்ல அடையாளமாக மட்டும் என்றார்கள். அப்படியானால் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். பேட்ஜுக்குப் பதிலாக அவர்கள் வெள்ளியில் ஒரு கேக் கூடை கொடுத்ததாகச் சங்கத்தின் வரலாறு சொல்கிறது. 1870 ஜனவரி 27 அன்று மூன்று தோழியரைச் சேர்த்துக்கொண்டு அவர் கப்பா ஆல்ஃபா தீட்டாவைத் தொடங்கினார்.

அப்படிப் பிறந்த சங்கங்களே பின்னர் மற்றவர்களுக்குக் கதவை அடைத்தன. வெள்ளையர், அதிலும் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் மட்டும் என்பது சில சங்கங்களில் எழுதிய விதியாகவும் பலவற்றில் எழுதாத வழக்கமாகவும் இருந்தது. வெளியே நின்றவர்கள் தங்களுக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். யூத மாணவியர் 1903-இல் நியூயார்க்கில் ஐயோட்டா ஆல்ஃபா பை தொடங்கினார்கள். கறுப்பின மாணவியர் 1908-இல் ஹோவர்டில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவையும், 1913-இல் அங்கேயே டெல்டா சிக்மா தீட்டாவையும் தொடங்கினார்கள். மிச்சிகனில் கத்தோலிக்க மாணவியர் 1912-இல் தீட்டா ஃபை ஆல்ஃபாவை அமைத்தார்கள். 1922-இல் இண்டியானாபொலிஸில் ஏழு கறுப்பின ஆசிரியைகள் சேர்ந்து சிக்மா காமா ரோவை நிறுவினார்கள். வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் அப்போது கொடிகட்டிப் பறந்த மாநிலம் அது. லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களுக்கு 1975 வரை ஆயிற்று. இந்தியா உள்ளிட்ட தெற்காசிய வம்சாவளி மாணவியரின் முறை 1998-இல் வந்தது: ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க்கில் சிக்மா சிக்மா ரோ.

ஒரு சங்கத்தின் தொடக்க ஆண்டைக் கேட்டால், அதற்கு முந்தைய ஆண்டு வரை யார் வெளியே நின்றார்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

கறுப்பினச் சங்கங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே உறுப்பினராவது கல்லூரி நாட்களோடு முடிவதில்லை. பட்டம் பெற்ற பெண்களுக்கு ஊர்தோறும் தனிக் கிளைகள் உண்டு. அவர்கள் ஆயுள் முழுக்கக் கூடுகிறார்கள், உழைக்கிறார்கள். 1935 கோடையில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பெண்கள் மிசிசிப்பி மாநிலத்தின் ஏழைக் குத்தகை விவசாயிகளுக்கு மருத்துவ முகாம் நடத்தக் கிளம்பினார்கள். ரயிலில் டிக்கெட் கொடுக்க மறுத்ததால் கார்களில் போனார்கள். முகாமுக்கு ஆட்களை அனுப்பப் பண்ணை முதலாளிகள் மறுத்தார்கள். காரிலேயே தடுப்பூசி மருந்தை ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்க் குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள். மருத்துவர் டோரதி ஃபெரபீ தலைமையில் இந்தப் பணி பல கோடைகள் தொடர்ந்தது. வர முடியாதவர்களைத் தேடிப் போவது என்ற அந்தப் பழக்கம்தான் இன்றைய தன்னார்வலருக்கும் வேண்டும்.

ஞாயிறு இரவு வருபவர்

யார் இந்தத் தன்னார்வலர்? பெரும்பாலும் அதே சங்கத்தின் முன்னாள் மாணவி. வங்கியிலோ மருத்துவமனையிலோ பள்ளியிலோ வேலை பார்ப்பவர். முப்பது வயதும் இருக்கலாம், அறுபதும் இருக்கலாம். கிளைக் கூட்டம் பல இடங்களில் ஞாயிறு அல்லது திங்கள் மாலையில் நடக்கும். வேலை முடித்து, வீட்டில் சமைத்துவைத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு வந்து கூட்டத்தின் பின்வரிசையில் உட்காருவார். கிளையை நடத்துவது மாணவியர்தான்: தலைவி, பொருளாளர், ஆள்சேர்ப்புப் பொறுப்பாளர் எல்லோருமே பத்தொன்பது, இருபது வயதுக்காரர்கள். அந்த வயதில் சில லட்சம் டாலர் வரவுசெலவு, ஒரு மாளிகை, நூற்றுக்கணக்கான தோழியரின் சண்டை சச்சரவு ஆகியவற்றைக் கையாள்கிறார்கள். அவர்களுக்குத் தோள்கொடுக்க ஆலோசகர் என்ற பெயரில் இவர். நிதிக்கு ஒருவர், ஆள்சேர்ப்புக்கு ஒருவர், ஒழுங்கு விவகாரத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்வதும் உண்டு. சம்பளம் கிடையாது.

அலபாமா போன்ற பெரிய தென்மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஒரே கிளையில் நானூறு பேர் வரை இருக்கிறார்கள். நானூறு பேர் கூடும் இடத்தில் ஒருத்தி மூன்று வாரம் வராமல் இருந்தாலும் கூட்டம் குறைந்ததாகத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வேலை யாருக்காவது இருந்தால்தான் தெரியும். தன்னார்வலரின் பயிற்சி எதைப் பற்றியது என்று என்னைக் கேட்டால், இதைப் பற்றியது என்றே சொல்வேன்.

ஆனால் நீண்ட காலம் இந்த மூத்த பெண்களுக்குத் தரப்பட்ட வேலை வேறு: வாசலைக் காப்பது. ஆள்சேர்ப்பில் யாருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவது, யார் நம் தரத்துக்குப் பொருந்துவாள், யார் பொருந்தமாட்டாள் என்பதில் அவர்கள் சொல்லுக்கு எடை இருந்தது. அதன் விளைவை 2013 செப்டம்பரில் அமெரிக்கா முழுவதும் பார்த்தது. அலபாமா பல்கலைக்கழகத்தின் மாணவர் செய்தித்தாளான ‘தி கிரிம்சன் ஒயிட்’ ஒரு நீண்ட செய்தியை வெளியிட்டது. படிப்பிலும் மற்ற தகுதிகளிலும் குறையில்லாத ஒரு கறுப்பின மாணவியை எந்த வெள்ளையர் சங்கமும் எடுக்கவில்லை. எடுக்க விரும்பிய மாணவியர் உள்ளேயே இருந்தார்கள். முன்னாள் மாணவியர்தான் குறுக்கே நின்றார்கள் என்று அந்த மாணவியரில் சிலரே சாட்சி கூறினார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் நிலையாகப் படிக்கத் தொடங்கி அப்போது ஐம்பது ஆண்டுகள். மாணவர்களும் பேராசிரியர்களும் ஊர்வலம் போனார்கள். நிர்வாகம் தலையிட்டு ஆள்சேர்ப்பை மீண்டும் திறந்தது. அந்தப் பருவத்திலேயே சில கறுப்பின மாணவியருக்கு அழைப்பு போய், சிலர் சேர்ந்தார்கள்.

இந்த நிகழ்ச்சியில் என்னை உறுத்துவது ஒன்று. இருபது வயதுப் பெண்கள் கதவைத் திறக்கத் தயாராக இருந்தார்கள். அனுபவம் வாய்ந்தவர்கள் என்று உட்காரவைக்கப்பட்டவர்கள் திறக்கவிடவில்லை. ஆகவே ‘மூத்தவர் ஒருவர் கூட இருந்தால் பிள்ளைகளுக்கு நல்லது’ என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்த மூத்தவர், எதைக் கற்றுக்கொண்டு வந்தவர் என்பதைப் பொறுத்தது அது.

இன்று சேர்பவள் யார்?

2023 மே மாதம் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவராக இருந்த விவேக் மூர்த்தி, தனிமையை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக அறிவித்து அறிக்கை வெளியிட்டார். 15 முதல் 24 வயது வரையிலானவர்கள் நண்பர்களோடு நேரில் கழிக்கும் நேரம் 2003-இல் நாளொன்றுக்குச் சுமார் 150 நிமிடமாக இருந்தது; 2020-இல் அது 40 நிமிடமாகச் சுருங்கிவிட்டது என்கிறது அந்த அறிக்கை. 2020 கொரோனா ஆண்டு என்பது உண்மை. ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2021-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் எடுத்த கணக்கில், மாணவியரில் 57 சதவீதம் பேர் விடாத சோகத்தையோ நம்பிக்கையின்மையையோ உணர்வதாகச் சொன்னார்கள். பத்தாண்டுகளுக்கு முன் அது 36 சதவீதம்.

அந்தப் பள்ளி மாணவியர்தான் அதன் பின் வந்த ஆண்டுகளில் ரஷ் வரிசையில் நின்றார்கள். பள்ளியின் முக்கியமான ஆண்டை ஜூம் திரையில் கழித்தவர்கள் இவர்கள். புதியவர் ஒருவரிடம் போய் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதை மற்ற தலைமுறையினர் தானாகக் கற்ற வயதில் வீட்டுக்குள் இருந்தவர்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், மாலையில் காபிக் கடையில் வேலை பார்ப்பவர்கள், தினமும் வீட்டிலிருந்து வந்துபோகிறவர்கள் இவர்களில் உண்டு. கிளையின் எல்லா ஏற்பாடும் குரூப்மீ என்ற செயலியில் நடக்கும். அதில் நூற்றுக்கணக்கான செய்திகள் ஓடும்; தன் பெயரை யாரும் கூப்பிடாமலே ஒருத்தி நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்.

1990-களில் இதே வீட்டில் குதூகலமாக வாழ்ந்த ஆலோசகருக்கு இது எளிதில் விளங்காது. ‘எங்க காலத்துல எல்லாரும் ஹால்ல உட்கார்ந்து விடிய விடியப் பேசுவோம், இந்தப் பெண்களுக்கு என்ன வந்தது?’ என்றுதான் முதலில் தோன்றும். இந்த வாக்கியத்தை வாயில் வராமல் தடுப்பதிலேயே பாதிப் பயிற்சி போய்விடுகிறது.

கேட்கப் பழகுவது

ஓர் இரவு பதினொரு மணிக்குக் கிளைத் தலைவியிடமிருந்து ஆலோசகருக்குக் குறுஞ்செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘புதுசா சேர்ந்த ஒருத்தி விலகணும்னு சொல்றா. விதிப்படி என்ன செய்யணும்?’ பயிற்சி இல்லாத ஆலோசகர் விதிப் புத்தகத்தைப் புரட்டுவார். எந்தப் படிவம், எந்தத் தேதிக்குள், கட்டிய பணம் திரும்புமா என்று பதில் போடுவார். எல்லாம் சரியான பதில்கள்தான். பயிற்சி பெற்றவர் ஒரு கேள்வி கேட்பார்: ‘அவகிட்ட கடைசியா உட்கார்ந்து பேசினது யாரு?’ பல நேரம் அந்தப் பக்கம் சற்று நேரம் பதில் வராது. யாருமே பேசவில்லை என்பது தலைவிக்கு அப்போதுதான் உறைக்கும். அந்தக் கேள்வியைத் தாண்டி ஆலோசகர் எதுவும் செய்யத் தேவையில்லை. மறுநாள் தலைவியே போய் அந்தப் பெண்ணின் அறைக் கதவைத் தட்டுவாள். ஆலோசகரே நேராகப் போய் ஆறுதல் சொன்னால் ஒரு பெண்ணுக்கு ஆறுதல் கிடைக்கும். தலைவி போனால் ஒரு தோழி கிடைப்பாள்.

வருகைப் பதிவேடு இன்னோர் உதாரணம். கூட்டத்துக்கு வராதவர்களுக்கு அபராதம், புள்ளிக் குறைப்பு என்று பல கிளைகளில் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்காக அந்தப் பதிவேடு தண்டனைக்கே பயன்பட்டது. அதே பதிவேட்டைத் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவளை முதலில் விசாரிக்கப் பயன்படுத்தலாம். அபராதம் அடுத்த வாரமும் போடலாம், ஓடிப்போகாது. விசாரித்தால் பெரும்பாலும் பணம் வெளியே வரும். சந்தா கட்ட முடியவில்லை. கட்டாதவள் என்று தெரிந்துவிடுமோ என்ற வெட்கத்தில் வராமல் இருப்பாள். ‘தவணையாகக் கட்டலாம், உன் பொருளாளரிடம் மட்டும் சொன்னால் போதும்’ என்று யாராவது அமைதியாகச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். சில சமயம் வெளியே வருவது நாட்காட்டி. முக்கியமான விழாவைத் தீபாவளி அன்றோ யூதர்களின் யோம் கிப்பூர் அன்றோ வைத்துவிட்டு, வராதவளுக்குப் புள்ளி குறைத்திருப்பார்கள். வேண்டுமென்று செய்ததாக இருக்காது. அந்த அறையில் அந்த நாளைத் தெரிந்தவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

இத்தகைய சின்ன மாற்றங்களுக்கு உண்மையில் பலன் உண்டா? உண்டு என்று நம்ப ஆய்வுத் துணை இருக்கிறது. கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு, மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள்: வந்த புதிதில் இந்த இடம் நமக்கானது இல்லையோ என்று எல்லோருக்கும் தோன்றும், நாளாக ஆகச் சரியாகும் என்பதுதான் சாரம். பிறகு அதைத் தங்கள் அனுபவத்தோடு இணைத்து எழுதச் சொல்லி, கேமராவின் முன் பேசவும் சொன்னார்கள். மொத்தமே ஒரு மணி நேர வேலை. அதில் பங்கெடுத்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்து, வெள்ளை மாணவர்களுடன் இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. இந்தத் தயக்கம் எனக்கு மட்டும் உள்ள குறையில்லை என்று தெரிவதே ஒருவரைப் படிப்பில் நிறுத்திவைக்கிறது. பழைய வெற்றிக் கதைகளை மட்டும் சொல்லும் ஆலோசகர் இதைச் செய்ய முடியாது. முதல் பருவத்தில் நானும் அழுதேன் என்று சொல்லக்கூடியவர் செய்ய முடியும்.

சொராரிட்டிக்குள்ளேயே நடந்து நிரூபணமான ஒரு பயிற்சியும் உண்டு. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர் கேரலின் பெக்கர், உடல் தோற்றம் பற்றிய மனவாதையும் அதனால் வரும் உணவுக் கோளாறுகளும் மாணவியரிடம் பரவுவதைத் தடுக்க வழி தேடினார். உளவியலாளர் எரிக் ஸ்டைஸ் வகுத்த முறையை எடுத்து, சொராரிட்டி மாணவியருக்கே பயிற்சி கொடுத்துத் தங்கள் தோழியருக்கு நடத்தச் செய்தார். மெலிந்த உடல்தான் அழகு என்ற எண்ணத்துக்கு எதிராகப் பங்கேற்பாளர்களே வாதாட வேண்டும் என்பது முறை. கண்ணாடி முன் நின்று தன்னிடம் பிடித்தவற்றை எழுத வேண்டும். பட்டினி கிடக்கும் ஒரு சிறுமிக்கு அதன் கேட்டைச் சொல்லிக் கடிதம் எழுத வேண்டும். ‘ஐயோ, நான் குண்டாயிட்டேன்’ என்ற அன்றாடப் பேச்சை அடையாளம் கண்டு நிறுத்த வேண்டும். இரண்டே அமர்வுகள். மருத்துவர்கள் இல்லாமல் சக மாணவியர் நடத்தியே பலன் மாதக்கணக்கில் நின்றதை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. டிரை டெல்டா என்ற தேசியச் சங்கம் அந்தத் திட்டத்தை நாடெங்கும் கொண்டுபோனது. சாதாரண உறுப்பினர்களைச் சில மணி நேரத்தில் பயிற்றுவிக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எல்லை எங்கே என்பதையும் சொல்லித்தர வேண்டும். ஆலோசகர் மனநல மருத்துவர் இல்லை. அவருக்குத் தேவை முதலுதவி அளவு அறிவு. பால் குவினெட் என்ற உளவியலாளர் 1990-களில் வகுத்த கியூ.பி.ஆர். முறைக்கு மூன்றே படிகள்: கேட்பது, உதவி பெறச் சம்மதிக்க வைப்பது, உரியவரிடம் ஒப்படைப்பது. ஒரு பெண் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருக்கிறாளோ என்ற ஐயம் வந்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டுவிட வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற நிம்மதிதான் வரும். 2022 ஜூலையிலிருந்து தற்கொலைத் தடுப்பு உதவிக்கு அமெரிக்கா முழுவதற்கும் 988 என்ற ஒரே தொலைபேசி எண் இருக்கிறது. அது தன்னார்வலரின் கைபேசியில் இருக்க வேண்டும். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் இந்தப் பயிற்சிகளில் அடிப்படைப் பாடம். உயிர் ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். கொடுத்த வாக்கை மீறினால் அந்தப் பெண் இனி யாரிடமும் வாய் திறக்கமாட்டாள்.

ராகிங்கைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அங்கே அதன் பெயர் ஹேசிங். அவமானத்தைச் சேர்ந்து தாங்கினால் நெருக்கம் வரும் என்ற மூடநம்பிக்கை எல்லா ஊரிலும் ஒன்றே. 2024 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றி அதிபர் கையெழுத்திட்ட சட்டம், நடந்த ஹேசிங் சம்பவங்களைக் கல்லூரிகள் வெளிப்படையாகக் கணக்குக் காட்ட வேண்டும், தடுப்புப் பயிற்சி நடத்த வேண்டும் என்கிறது. சட்டம் வந்தது நல்லது. ஆனால் ‘நாங்களும் இதைத் தாண்டித்தான் வந்தோம்’ என்று பின்வரிசையில் சிரித்துக்கொண்டு உட்காரும் ஓர் ஆலோசகர் அந்தச் சட்டம் முழுவதையும் வீணாக்கிவிடுவார்.

எது தடுக்கிறது

தேசியத் தலைமையகங்கள் பயிற்சியே தருவதில்லை என்று சொல்ல முடியாது. இணையப் பாடங்கள் இருக்கின்றன, ஆண்டு மாநாடுகள் இருக்கின்றன. ஆனால் பாடத்தின் கவனம் பெரும்பாலும் காப்பீடு, மது விதிகள், வழக்கு வராமல் தப்புவது என்பதிலேயே நிற்கிறது. வழக்குக்குப் பயந்து கட்டிய பயிற்சி, மாணவியை ஓர் ஆபத்தாகவே பார்க்கக் கற்றுத்தரும். அதை முடித்துவிட்டு வரும் ஆலோசகர் வீட்டில் எரியும் மெழுகுவத்தியைக் கவனிப்பார், மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கவனிக்கமாட்டார்.

இரண்டாவது தடை கடினமானது: யாருடைய வீடு இது என்ற சண்டை. 2023-இல் வயோமிங் பல்கலைக்கழகத்தில் திருநங்கை ஒருவரைக் கிளை சேர்த்துக்கொண்டதை எதிர்த்து அதே கிளையின் சில உறுப்பினர்கள் கப்பா கப்பா காமா மீது வழக்குத் தொடுத்தார்கள். யாரை உறுப்பினராக ஏற்பது என்பது சங்கத்தின் உரிமை என்று கூறி நீதிபதி அந்த ஆகஸ்டில் வழக்கைத் தள்ளுபடி செய்தார். முன்னாள் மாணவியரும் இரு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். இத்தகைய நேரத்தில் ஆலோசகருக்குத் தன் கருத்து இருக்கும்; இருக்கட்டும். கிளையில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணும், எந்தப் பக்கம் இருந்தாலும், பயமின்றி இரவு உணவுக்கு வந்து உட்கார முடிய வேண்டும் என்பதைத் தன் கருத்துக்கு மேலே வைக்க அவருக்குப் பழக்கம் வேண்டும். அதை இணையத்தில் இருபது நிமிட வீடியோ கற்றுத்தராது. எதிரெதிரே உட்கார்ந்து நடித்துப் பார்த்து, தவறிப்போய், மற்றவர்கள் சுட்டிக்காட்டி, மீண்டும் செய்துபார்த்துத்தான் வரும்.

தன்னார்வலரும் சோர்ந்துபோகிறார். ஞாயிறு மாலைகளை ஆண்டுக்கணக்காகக் கொடுக்கும் பெண்ணிடம் ‘நீங்க எப்படி இருக்கீங்க?’ என்று கேட்கும் ஏற்பாடு பல சங்கங்களில் இல்லை. வெறும் ஒருவரை நானூறு பேருக்கு விட்டால் அவரும் விலகுவார். ரஷ் வார அலங்காரத்துக்கும் வீட்டு மராமத்துக்கும் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கை ஆலோசகர்களின் எண்ணிக்கையைக் கூட்டவும் நேரடிப் பயிற்சிக்கும் ஒதுக்குவதே முறை என்பது என் திடமான எண்ணம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

டெக்சாஸ், நியூஜெர்சி, கலிஃபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண்களுக்கு இது வெளியார் விஷயம் இல்லை. தெற்காசியச் சங்கங்களிலும் பழைய சங்கங்களிலும் அவர்கள் சேர முடிகிறது. மகள் ரஷ் வாரத்துக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் எழும் கேள்விகள் தெரிந்தவைதான்: எவ்வளவு செலவு, படிப்பு கெடுமா, குடி உண்டா, பையன்கள் வருவார்களா. கேளுங்கள், தவறில்லை. கூடவே இன்னும் மூன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: இந்தக் கிளைக்கு ஆலோசகர் யார், எத்தனை பேர்? அவர்கள் என்ன பயிற்சி எடுத்திருக்கிறார்கள்? போன ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் இருக்கிறார்கள், போனவர்கள் ஏன் போனார்கள்? மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் கிளையில் தைரியமாகச் சேரலாம்.

இதைப் படிக்கும் வாசகியரில் அப்படிப்பட்ட சங்கம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு முன் உறுப்பினராக இருந்தவர்கள் யாரேனும் இருந்தால், உங்கள் பழைய கிளைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தீபாவளி எந்த நாளில் வருகிறது என்று தெரிந்த ஒருவர் அந்தப் பின்வரிசையில் தேவைப்படுகிறார்.